எலக்ட்ரான் அலைகள் கணக்குப் போடுமா?
குவாண்டம் வளைய வலையமைப்புகளின் தர்க்கம் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

கணிப்பொறியின் அடித்தளத்தில் இருப்பவை தர்க்க வாயில்கள். இன்று அவை டிரான்சிஸ்டர்களால் ஆனவை. டிரான்சிஸ்டருக்குள் எலக்ட்ரானின் அலை இயல்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை: வழி திறந்தால் மின்னோட்டம் பாயும், மூடினால் நிற்கும். ஆனால் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இன்னொரு சிந்தனை வளர்ந்து வந்துள்ளது. எலக்ட்ரான் அலையை இரண்டாகப் பிரித்து, ஒரு நுண்வளையத்தின் இரு கிளைகள் வழியே அனுப்பி, மறுமுனையில் சேரவிட்டால், இரு அலைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தலாம் அல்லது அழிக்கலாம். இதுவே குறுக்கீடு. வலுப்பட்டால் 1, அழிந்தால் 0. இத்தகைய வளையங்களைக் கோத்து ஒரு கணினியையே கட்டிவிடலாம் என்பது அந்தச் சிந்தனையின் நீட்சி.

இந்தத் துறையில் கொல்கத்தாவிலும் புவனேஸ்வரிலும் முக்கியமான கோட்பாட்டு வேலைகள் நடந்துள்ளன. அவற்றுக்கு முன்பே, அலைகளின் கட்ட வேறுபாட்டை, அதாவது ஒன்றின் முகடு மற்றதன் முகட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, எப்படி வரையறுப்பது என்ற அடிப்படைக் கேள்விக்கு ஒரு தமிழர் பெங்களூருவில் விடை கண்டிருந்தார். இந்தப் பின்னணியில் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: வளையத்தில் தர்க்கம் நடக்கிறது என்று காட்டுவதும், வளையங்களால் கணிக்க முடியும் என்று காட்டுவதும் ஒன்றா? ஒன்றில்லை என்பது என் வாதம். அதற்கான காரணம் குளிர்பதனச் செலவையோ இன்றைய தொழில்நுட்பக் குறையையோ விட ஆழமானது. வளையம் தர்க்கத்தைச் செய்யும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது.

2. வளையத்தின் இயற்பியல்

1959இல் யாகிர் ஆரனோவும் டேவிட் போமும் வெளியிட்ட கட்டுரைதான் வழக்கமான தொடக்கப்புள்ளி. வெர்னர் ஏரன்பர்க்கும் ரேமண்ட் சைடேயும் 1949இலேயே இதே விளைவைச் சுட்டியிருந்தனர். அப்போது அது கவனம் பெறவில்லை. கருத்து இதுதான்: எலக்ட்ரான் செல்லும் பாதையில் காந்தப்புலம் சிறிதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பாதைகளும் சூழ்ந்திருக்கும் நடுப்பகுதியில் மட்டும் காந்தப் பாயம் அடைபட்டிருக்கிறது. அப்படியிருந்தும் இரு பாதைகளின் அலைகளுக்கிடையே ஒரு கட்ட வேறுபாடு உண்டாகும். பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் 4.14×10⁻¹⁵ வெபர் என்ற அளவை ஒரு பாய அலகு எனலாம். வளையத்துக்குள் ஒரு முழு அலகு இருந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்று மாறும். அரை அலகு இருந்தால் அரைச் சுற்று மாறும்.

புலமே தொடாத எலக்ட்ரானைப் புலம் எப்படிப் பாதிக்கும் என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 1986இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா தோனோமுரா குழுவினர் ஒரு நுண்ணிய வளையக் காந்தத்தை மீக்கடத்தியால் மூடி, புலம் வெளியே கசியாமல் செய்து, கட்ட மாற்றத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தபோது அந்த ஐயம் பெருமளவு அடங்கியது.

இரு அலைகள் ‘ஒரே கட்டத்தில்’ இருக்கின்றன என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்வியை, வேறுபட்ட முனைவாக்கம் கொண்ட ஒளிக்கற்றைகளுக்கு எழுப்பி விடை சொன்னவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். சி. வி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி 1956இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒளியின் முனைவாக்கத்தை ஒரு மூடிய சுற்றில் கொண்டுபோய்த் தொடங்கிய இடத்துக்கே திருப்பினாலும், அந்தச் சுற்றின் வடிவத்தைப் பொறுத்து ஒரு கட்ட மாற்றம் மிஞ்சும். மைக்கேல் பெரி 1984இல் வடிவியல் கட்டம் என்ற பொதுக் கருத்தை முன்வைத்து, ஆரனோவ்–போம் விளைவையும் அதற்குள் அடக்கிக் காட்டினார். பஞ்சரத்தினத்தின் பணி அதன் முன்னோடி என்பதை 1986இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எடுத்துக்காட்டியவர்கள் அவருடைய அண்ணன் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும். பஞ்சரத்தினம் 1969இல், 35 வயதில், ஆக்ஸ்போர்டில் காலமாகிவிட்டிருந்தார்.

ஆரனோவ்–போம் விளைவு வெற்றிடத்தில் பறக்கும் எலக்ட்ரானுக்குச் சரி. உலோகக் கம்பிக்குள் அழுக்கணுக்களின் மீது மோதி மோதிச் செல்லும் எலக்ட்ரானுக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்று காட்டியது 1985இல் ஐபிஎம்மின் ரிச்சர்ட் வெப், ஷான் வாஷ்பர்ன் குழுவினர் செய்த சோதனை. அவர்களுடைய பொன் வளையத்தின் உள்விட்டம் 784 நானோமீட்டர். கம்பியின் அகலம் ஏறத்தாழ 41 நானோமீட்டர். ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர்வித்துக் காந்தப்புலத்தை மெல்ல உயர்த்தியபோது, ஏறத்தாழ 0.0076 டெஸ்லாவுக்கு ஒருமுறை மின்தடை ஏறி இறங்கியது. வளையத்தின் பரப்புக்குள் ஒரு பாய அலகு நுழையத் தேவையான புலம் அதுவே. அணுக்குறைகளில் மீட்சியோடு மோதும் எலக்ட்ரான் தன் கட்டத்தை மறப்பதில்லை என்பது இதனால் உறுதியானது. கட்டத்தை மறக்கச் செய்பவை ஆற்றல் பரிமாறும் மோதல்களே. வெப்பநிலை உயர உயர அவை பெருகும்.

இந்தச் சோதனையின் இன்னொரு எண்ணையும் மனத்தில் வைக்க வேண்டும். மின்தடையில் தெரிந்த அந்த ஏற்ற இறக்கம் மொத்த மின்தடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருந்தது. பின்னர் செய்யப்பட்ட காலியம் ஆர்சனைடு குறைக்கடத்தி வளையங்களில் அது 10 விழுக்காட்டைத் தாண்டியது. இயற்பியலுக்கு இது அபாரமான முன்னேற்றம். 1க்கும் 0க்கும் இடையே பல்லாயிரம் மடங்கு வேறுபாட்டை எதிர்பார்க்கும் கணினிப் பொறியியலுக்கு அது போதாது.

3. தர்க்கம் பிறக்கும் விதம்

வளையத்தைச் சுவிட்சாகப் பயன்படுத்தும் யோசனைகள் 1980களிலேயே வந்துவிட்டன. கரக்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சுப்ரியோ தத்தா குழுவினர் 1985இல் இணைக் குவாண்டம் கிணறுகளில் குறுக்கீட்டு விளைவை ஆராய்ந்தனர். 1994இல் புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனத்தின் அருண் ஜெயண்ணவரும் பி. சிங்க தேவும், வரிசையாகக் கோத்த வளையங்கள் வழியே எலக்ட்ரான் அலை கடக்கும் விதத்தைக் கணக்கிட்டனர். 2002இல் மிசௌரி–ரோலா பல்கலைக்கழகத்தின் வூவும் ராமமூர்த்தியும் மூன்று முனைகள் கொண்ட குவாண்டம் வலையமைப்புகளிலிருந்து தர்க்கச் செயல்களைப் பெறும் முறையை முன்வைத்தனர்.

இவற்றுள் மிக எளிமையான வடிவம் கொல்கத்தாவில் உருவானது. சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் இருந்த சாந்தனு மைத்தி, 2009ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரைத் தொடரில் ஒவ்வொரு தர்க்க வாயிலையும் ஒன்றிரண்டு வளையங்களால் அமைக்கும் வழியைக் கணக்கிட்டுக் காட்டினார். அவற்றில் எக்ஸார் வாயிலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இரு கிளைகளும் துல்லியமாக ஒத்த ஒரு வளையம். எதிரெதிர் முனைகளில் இரண்டு மின்வாய்கள். வளையத்துக்குள் நிலையாக அரைப் பாய அலகு. மேற்கிளை அலையும் கீழ்க்கிளை அலையும் அரைச் சுற்றுக் கட்ட வேறுபாட்டோடு வந்து சேர்வதால் முழுமையாக அழிந்துவிடும், வெளியீடு 0. இப்போது மேற்கிளையில் ஒரு மின்னழுத்தம் கொடுத்தால் அங்கே செல்லும் அலையின் நீளம் மாறும், சமநிலை குலையும், மின்னோட்டம் வெளிவரும், வெளியீடு 1. கீழ்க்கிளையில் மட்டும் கொடுத்தாலும் அப்படியே. இரண்டிலும் ஒரே அளவு கொடுத்தால் இரு கிளைகளும் மறுபடி ஒத்துவிடும், அழிவும் திரும்பிவிடும், வெளியீடு 0. உள்ளீடுகள் இரண்டும் வேறுபட்டால் மட்டும் 1: இதுவே எக்ஸார்.

மற்ற வாயில்களும் இதிலிருந்து இயல்பாகக் கிளைக்கின்றன. இரண்டு உள்ளீடுகளையும் ஒரே கிளையில் வைத்தால், எது வந்தாலும் சமநிலை குலையும். அது ஆர் வாயில். இரண்டு வளையங்களை வரிசையில் வைத்து ஆளுக்கொரு உள்ளீடு கொடுத்தால், இரண்டும் திறந்தால்தான் மின்னோட்டம் கடக்கும். அது ஆண்ட் வாயில். எக்ஸார் வளையத்தின் ஒரு கிளைக்கு நிலையான மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டால், மறு கிளையின் உள்ளீடு தலைகீழாக வெளிவரும்; அது நாட் வாயில். வழக்கமான சில்லுகளில் எக்ஸார் வாயிலுக்குப் பல டிரான்சிஸ்டர்கள் வேண்டியிருக்க, இங்கே ஒரே வளையம் போதும். மேலும், ஒத்த கிளைகளில் ஏற்படும் அழிவு எல்லா ஆற்றல்களிலும் ஒரே நேரத்தில் நிகழ்வதால், வெப்பத்தால் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவினாலும் 0 நிலை கெடாது. ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் கிளையைக் குறைக்கடத்தி எலக்ட்ரான் கடக்க 6 பிக்கோநொடி அளவே ஆகும். கருத்தளவில் இது நேர்த்தியான அமைப்பு என்பதில் ஐயமில்லை.

இந்த வாயில் எதற்குப் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை ஒட்டிய புத்தடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. வியாபாரிகள் திரையின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்தி ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள். கிலோவுக்கு 2,450 ரூபாய் என்று நிற்கும் விலையை ஒருவர் 2,451 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்குள் முதல் விலை 100110010010 என்றும் இரண்டாம் விலை 100110010011 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றா வேறா என்று அறிய, இடத்துக்கு ஓர் எக்ஸார் வீதம் 12 வாயில்கள் வேண்டும். பதினொன்று 0 சொல்லும். கடைசி ஒன்று மட்டும் 1 சொல்லும். அந்தப் பன்னிரண்டு விடைகளையும் ஆர் வாயில்கள் வழியே திரட்டினால் ‘விலை மாறிவிட்டது’ என்ற முடிவு கிடைக்கும். இந்தச் சின்னஞ்சிறு கணக்கை வளையங்களால் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்பதே இனி வரும் பகுதிகளின் சோதனை.

4. அளவின் முரண்

முதல் சிக்கல் வளையத்தின் அளவு. எலக்ட்ரான் தன் கட்டத்தை மறக்காமல் செல்லும் தூரத்தை ஓரியல்பு நீளம் எனலாம். காலியம் ஆர்சனைடில், தனிச்சுழிக்கு (0 கெல்வினுக்கு) மிக அருகில் உள்ள வெப்பநிலைகளில் அது பல மைக்ரோமீட்டர். அறை வெப்பநிலையிலோ குறைக்கடத்திகளில் சில பத்து நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே அறை வெப்பநிலையில் இயங்க வேண்டுமானால் வளையம் அதற்கேற்பச் சிறுக்க வேண்டும்.

சிறுக்கச் சிறுக்க வேறொரு தேவை பெருக்கிறது. அரைப் பாய அலகை வளையத்துக்குள் அடைக்க வேண்டிய புலம், பரப்புக்கு எதிர்விகிதத்தில் உயரும். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்கு 0.0026 டெஸ்லா போதும். அது சாதாரணக் காந்தம் தரும் புலம். விட்டத்தை 10 நானோமீட்டராகக் குறைத்தால் 26 டெஸ்லா வேண்டும். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. உலகின் மிகப் பெரிய ஆய்வகங்களில் தொடர்ந்து நிலைநிறுத்த முடிந்த புலமே 45 டெஸ்லா அளவுதான். வளையத்தைப் பென்சீன் மூலக்கூறின் அளவுக்குச் சுருக்கினால் தேவை 40 ஆயிரம் டெஸ்லாவாகிவிடும்.

பெரிய வளையத்துக்குக் குளிர் வேண்டும். சிறிய வளையத்துக்குப் புலம் வேண்டும். இரண்டும் எளிதாக அமையும் இடைநிலை எதுவும் இல்லை. குளிருக்கும் விலை உண்டு. 0.01 கெல்வினில் வெளிப்படும் ஒவ்வொரு ஜூல் வெப்பத்தையும் 300 கெல்வினில் உள்ள வெளியுலகுக்கு அகற்ற, குறைபாடே இல்லாத குளிர்பதனப் பொறிக்குக்கூட ஏறத்தாழ 30 ஆயிரம் ஜூல் வேலை தேவை. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வாயில் என்ற வாதத்தை முன்வைப்பவர்கள் இந்தப் பெருக்கத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆனாலும் இதை இறுதி மறுப்பாக நான் கொள்ளவில்லை. மீக்கடத்திக் குவாண்டம் கணினிகள் இதே குளிரில்தான் இயங்குகின்றன. பயன் போதிய அளவு இருந்தால் குளிரை விலை கொடுத்து வாங்கலாம். இதைவிட ஆழமான சிக்கல் அடுத்தது.

5. பிழையும் உள்ளீடும்

எக்ஸார் வளையம் உண்மையில் எதை அளக்கிறது? மேற்கிளைக்கும் கீழ்க்கிளைக்கும் உள்ள வேறுபாட்டை. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. கிளையில் கொடுத்த மின்னழுத்தமும், கிளையருகே தங்கிவிட்ட ஓர் அழுக்கணுவும், கிளை செதுக்கப்பட்டபோது நேர்ந்த சிறு பிசகும் அதற்கு ஒன்றே. வளையத்தின் பார்வையில் பிழையும் ஓர் உள்ளீடுதான்.

இது எவ்வளவு கடுமையானது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் ஒரு கிளை ஏறத்தாழ 1,570 நானோமீட்டர். காலியம் ஆர்சனைடில் மின்கடத்தும் எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 40 நானோமீட்டர். கிளைகளின் நீளத்தில் 1 விழுக்காடு வேறுபாடு இருந்தால் அது 16 நானோமீட்டர். அலைநீளத்தில் பத்தில் நான்கு பங்கு. அழிய வேண்டிய அலைகள் கிட்டத்தட்ட முழுமையாக வலுப்பட்டுவிட இது போதும். அதாவது, உள்ளீடு எதுவுமே இல்லாமல் வளையம் 1 என்று சொல்லும். உலோகங்களில் அலைநீளம் அரை நானோமீட்டர் அளவே என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம்.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். எல்லாப் பிசகுகளும் சமமாகக் கெடுப்பதில்லை. வளையத்தின் விட்டம் 1 விழுக்காடு மாறி, கிளைகள் மட்டும் ஒத்திருந்தால், பாயம் 2 விழுக்காடு விலகும். அதனால் வெளியே கசியும் மின்னோட்டம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பொறியியல் இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வாயிலின் தர்க்கமே கிளைகளின் சமச்சீரில் தங்கியிருப்பதால், சமச்சீரைத் தொடும் பிசகு எதையும் அதனால் தாங்க இயலாது.

ஏலத் திரைக்குத் திரும்பிப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். பன்னிரண்டு வளையங்களில் பதினொன்று 0 சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்றின் கிளை சற்றுக் கோணியிருந்தாலும் போதும். யாரும் விலையை உயர்த்தாதபோதே விலை மாறிவிட்டதாகக் கணினி அறிவிக்கும்.

ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனித் திருத்த மின்னழுத்தம் கொடுத்துச் சமச்சீராக்கலாம் என்பது வழக்கமான பதில். பன்னிரண்டு வளையங்களுக்கு அது நடக்கும். ஆனால் இன்றைய சில்லுகளில் டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அத்தனை வளையங்களுக்குத் தனித்தனித் திருத்தக் கம்பி இழுக்க வேண்டியிருந்தால், வளையம் சிறியது என்ற ஆதாயம் போய்விடும். அருகிலுள்ள அழுக்கணுவில் ஓர் எலக்ட்ரான் வந்து ஒட்டிக்கொண்டாலோ விலகினாலோ திருத்தமும் மாறிவிடும். இயற்பியலாளர் டி. வி. ராமகிருஷ்ணன் இணையாசிரியராக இருந்த 1979ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அளவுமாற்றக் (scaling) கோட்பாட்டுக் கட்டுரையும் இங்கே நினைவுகூரத்தக்கது. ஒழுங்கற்ற பொருளில் எலக்ட்ரான் அலைகளின் குறுக்கீடு கடத்தலையே மட்டுப்படுத்திவிடுகிறது என்றும், மெல்லிய கம்பிகளில் அந்த விளைவு மிகக் கடுமையானது என்றும் அது காட்டியது. எந்தக் குறுக்கீட்டைக் கருவியாக்க விரும்புகிறோமோ அதே குறுக்கீடு, ஒழுங்கின்மையின் கையில் அகப்பட்டால் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது.

6. ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயிலுக்கு

கணினி என்பது வாயில்களின் தொகுப்பு மட்டுமன்று. ஒன்றின் விடை அடுத்ததன் கேள்வியாகும் சங்கிலி அது. இந்த இடத்தில்தான் ரால்ஃப் லாண்டவரின் விமர்சனம் முக்கியமாகிறது. குறுக்கீட்டு இயற்பியலுக்கு அடித்தளமிட்டவர்களில் அவரும் ஒருவர். கடத்தலை அலை ஊடுருவலாகக் காணும் வாய்பாடு அவர் பெயரால் வழங்குகிறது. உலோக வளையங்களில் நிலைத்து ஓடும் மின்னோட்டத்தை 1983இல் பியூட்டிக்கர், இம்ரி ஆகியோரோடு சேர்ந்து முன்கணித்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் 1989இல் ஃபிசிக்ஸ் டுடே இதழில், குவாண்டம் ஊடுருவலைக் கட்டுப்படுத்திச் சுவிட்சு செய்ய முடியுமா என்று கேட்டு, முடியாது என்ற பக்கமே சாய்ந்தார்.

அவருடைய வாதத்தின் சாரம், தர்க்கச் சுற்றில் ஒவ்வொரு படியும் சமிக்ஞையைச் சீராக்கித் தர வேண்டும் என்பது. டிரான்சிஸ்டர் வாயிலுக்கு 1 வோல்ட்டுக்குப் பதில் 0.9 வோல்ட் வந்தாலும் அது தெளிவான 1 ஆகவோ 0 ஆகவோ வெளியே அனுப்பும். வந்த பிழை அந்தப் படியிலேயே மடியும். வளையத்தின் வெளியீடோ கட்டத்தோடு சைன் அலைபோல ஏறி இறங்குவது. அதில் தெளிவான வரம்பு எதுவும் இல்லை. உள்ளீட்டில் வந்த சிறு பிசகு வெளியீட்டிலும் பிசகாகவே வரும். ஐந்தாறு வாயில்களைக் கடந்ததும் 1 எது, 0 எது என்பதே மங்கிவிடும்.

அளவுகளிலும் பொருத்தம் இல்லை. ஓரியல்பு கெடாதிருக்க, வளையத்தின் குறுக்கே கொடுக்கும் மின்னழுத்தம் மிகச் சிறிதாக, 0.1 மில்லிவோல்ட் அளவில், இருக்க வேண்டும். ஒரே தடம் கொண்ட வளையம் முழுமையாகத் திறந்தாலும் அப்போது பாயும் மின்னோட்டம் 8 நானோ ஆம்பியரைத் தாண்டாது. அடுத்த வளையத்தின் கிளையில் கட்டத்தை மாற்றவோ பொதுவாகச் சில மில்லிவோல்ட் முதல் பல பத்து மில்லிவோல்ட் வரை வேண்டும். வெளியீடு அடுத்த உள்ளீட்டை இயக்கும் வலுவற்றது. நடுவே பெருக்கி வைக்க வேண்டும். பெருக்கி என்றாலே டிரான்சிஸ்டர். நமது ஏலக் கணக்கில், பன்னிரண்டு எக்ஸார் விடைகளும் ஆர் வாயில்களுக்குள் நுழையும் அந்த முதல் படியிலேயே சங்கிலி அறுந்துவிடுகிறது.

மைத்தியின் கட்டுரைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எலக்ட்ரான்களுக்கிடையே உள்ள விலக்கு விசையை விட்டுவிட்டு, குறைபாடற்ற தனி வாயிலை எடுத்துக்கொண்டு, அதன் விடையைத் துல்லியமாகத் தருபவை அவை. தாம் எடுத்துக்கொண்ட வரம்புக்குள் முழுமையானவை. ஒரு வாயிலின் உண்மை அட்டவணையைச் சரிபார்த்துவிட்டால் கணினி கைக்கெட்டிவிட்டது என்று வாசகர்கள் எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது.

7. மாற்று வழிகள்

இந்த விமர்சனங்களைக் கண்டு ஆய்வாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று திசைகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, முனைகளைக் கூட்டுவது. இரு முனை வளையத்தில், காந்தப்புலத்தின் திசையைத் திருப்பினாலும் கடத்துதிறன் மாறக்கூடாது என்ற சமச்சீர் விதி உண்டு. அதனால் அலைவின் கட்டம் தொடர்ச்சியாக நகராமல், அரைச் சுற்று அரைச் சுற்றாக மட்டுமே தாவ முடியும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மோட்டி ஹைப்லும் குழுவினர் 1990களின் நடுவே இதைச் சோதனையில் கண்டனர். முனைகளைக் கூட்டியபோது கட்டத்தை நேரடியாக அளக்கவும் முடிந்தது. அதே குழு 2003இல் வலுவான காந்தப்புலத்தில் விளிம்போரம் ஒரே திசையில் ஓடும் எலக்ட்ரான்களைக் கொண்டு ஒரு குறுக்கீட்டுமானியை அமைத்தது. இவ்வகை விளிம்போட்டங்களில் ஓரியல்பு நீளம் 0.25 மில்லிமீட்டர் வரை எட்டியதாக 2019இல் ஒரு பிரெஞ்சுக் குழு அறிவித்தது.

இரண்டாவது, பாயத்தைக் கைவிட்டு மூலக்கூறுக்குப் போவது. பென்சீன் வளையத்தின் எதிரெதிர்க் கார்பன்களில் மின்வாய்களை இணைத்தால் இரு பாதைகளும் சமம். ஒன்றுவிட்டு ஒன்றான கார்பன்களில் இணைத்தால் பாதைகளின் வேறுபாடே அலைகளை அழித்துவிடும். 40 ஆயிரம் டெஸ்லா செய்ய வேண்டியதை வேதியியல் இலவசமாகச் செய்துவிடுகிறது. கார்டமோன், ஸ்டாஃபோர்ட், சுமித் மஜும்தார் ஆகியோர் 2006இல் இதன் அடிப்படையில் ஒரு டிரான்சிஸ்டரையே முன்மொழிந்தனர். லதா வெங்கட்ராமன் குழுவினர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தனி மூலக்கூறுகளின் கடத்துதிறனை அளந்து, இணைப்பிடத்தைப் பொறுத்துக் குறுக்கீடு தெளிவாக மாறுவதை 2012இல் காட்டினர். இந்த வழி அறை வெப்பநிலையிலும் செல்லுபடியாகும். வேதியியல் ஒரே மூலக்கூறை எத்தனை கோடி முறையும் பிசகில்லாமல் ஆக்கித் தரும் என்பதால், ஐந்தாம் பகுதியில் சொன்ன சமச்சீர்ச் சிக்கலுக்கும் இதுவே மிக நல்ல பதில். மூலக்கூறு உலோகத்தோடு சேரும் இணைப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது. ஒரு வாயில் அடுத்ததை இயக்க வேண்டும் என்ற சிக்கலும் அப்படியே நிற்கிறது.

மூன்றாவது, தர்க்கத்தையே மாற்றிக்கொள்வது. 2012இல் ஜப்பானின் யமமோட்டோ குழுவினர் ஆரனோவ்–போம் வளையத்தை இரட்டைக் கம்பிகளோடு இணைத்து, பறக்கும் எலக்ட்ரானின் குவாண்டம் நிலையை மின்னழுத்தத்தால் திருப்பிக் காட்டினர். இங்கே வளையம் 0, 1 என்ற பூலியன் வாயிலாகச் செயல்படவில்லை. குவாண்டம் கணினியின் தகவல் அலகான கியூபிட்டின் ஓர் உறுப்பாகச் செயல்படுகிறது. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனி எலக்ட்ரான் தன்னோடு தானே குறுக்கிடுவதால் மட்டும் குவாண்டம் கணினியின் வல்லமை வந்துவிடாது. பல துகள்களைப் பின்னிப் பிணைத்தால்தான் அது வரும். வளையங்களை எத்தனை கோத்தாலும், பின்னல் இல்லாதவரை அது அலைகளைக் கூட்டும் இயந்திரமே. ஒளியாலும் ஒலியாலும்கூட அதைச் செய்யலாம்.

8. முடிவு

மேற்கண்டவற்றை எடைபோட்டால் கிடைக்கும் தீர்ப்பு இது. குவாண்டம் வளையம் தர்க்க வாயிலாக நடந்துகொள்ளும் என்பது கோட்பாட்டளவில் ஐயத்துக்கு இடமற்றது. அதைக் கொண்டு பூலியன் கணினி கட்டும் திட்டத்துக்கு மூன்று தடைகள் உள்ளன: குளிருக்கும் புலத்துக்கும் இடையிலான முரண், பிழையை உள்ளீட்டிலிருந்து பிரித்தறியாத தன்மை, அடுத்த வாயிலை இயக்க வலுவின்மை. முதலாவதைப் பணத்தால் வெல்லலாம். மூலக்கூறுகளில் அது எழுவதே இல்லை. இரண்டாவதை வேதியியல் ஓரளவு வெல்கிறது. மூன்றாவது அப்படியே நிற்கிறது. லாண்டவர் எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு நிறைவான பதில் வரவில்லை.

அப்படியானால் இந்த ஆய்வுகள் வீணா? இல்லை. கிளைகளின் மிகச் சிறு வேறுபாட்டையும் காட்டிக்கொடுக்கும் இயல்பு, கணினிக்குக் குறை என்றால் அளவுக்கருவிக்கு அதுவே வரம். வளையம் இதுவரை தந்த பெரும்பயன், ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் தன் கட்டத்தை நினைவில் வைத்திருக்கிறது, எது அதை மறக்கடிக்கிறது என்று அளந்து சொன்னதுதான். இன்றைய கியூபிட் பொறியியல் அந்த அறிவின் மீதும் எழுந்து நிற்கிறது.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல் தொடர்புக்கானது சென்னை ஐஐடியில் அமைகிறது. இனி வரும் ஆண்டுகளில் ‘புதிய கணினி’ பற்றிய அறிவிப்புகள் தமிழ் நாளிதழ்களிலும் அடிக்கடி வரும். அவற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: இது எந்த வெப்பநிலையில் இயங்குகிறது? ஒரே மாதிரி செய்த இரண்டு கருவிகள் ஒரே மாதிரி நடக்கின்றனவா? ஒன்றின் விடை அடுத்ததை இயக்குமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது கணினி. இல்லாதவரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அது ஆய்வகச் சோதனைதான்.